பட்டையில் பாசி, கட்டையில் காளான்

மழை விட்ட மறுநாள், மலேசியாவின் நெகிரி செம்பிலானில் பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் பழைய நிரைகளுக்குள் நடந்தால், ரப்பர் மரப் பட்டையில் காவிப்பொடி தூவியது போல ஒரு படலம் தெரியும். துரு என்று நினைத்துவிடாதீர்கள். டிரென்டெபோலியா என்ற பச்சைப் பாசி அது! கரோட்டின் நிறமி பச்சையத்தை மறைப்பதால் இந்த ஆரஞ்சு வேஷம். வெயிலும் ஈரமும் இருந்தால் தன் சோற்றைத் தானே பொங்கிக்கொள்ளும்; மரத்தின் பாலில் ஒரு சொட்டைத் தொடாது.

கீழே சாய்ந்து கிடக்கும் கட்டையில் குலாட் சிசிர். மலாய்க்காரர் வைத்த பெயர். சீப்புக் காளான் என்று பொருள். கட்டைவிரல் அகலத்தில் சாம்பல் வெள்ளை விசிறிகள். ஒன்றைத் திருப்பினால், நெடுக்கே பிளந்த மடிப்புகள். காய்ந்தால் சுருண்டு மூடும், நனைந்தால் விரியும். பச்சையம் கிடையாது, செல்சுவரில் நண்டு ஓட்டிலுள்ள அதே கைட்டின். மரத்தைக் கரைத்துத்தான் வயிறு வளர்க்கிறது. இணைசேரும் வகைகளோ 20,000க்கும் மேல்! மஞ்சள், சிலி பாடி மிளகாய், தேங்காய்ப்பால் சேர்த்து நெகிரி பாணியில் லெமாக் குழம்பு வைத்தால், இறைச்சி போல மெல்லலாம். என் ஓட்டு இதற்கே.

பாசியும், காளானின் இனமான பூஞ்சையும் கூட்டுக்குடித்தனம் நடத்துவதும் உண்டு. பட்டையிலுள்ள சாம்பல் திட்டான லைக்கனில் பாசி சமைக்கும், பூஞ்சை வீடு கட்டும். செட்டிநாட்டுக் குழம்பில் விழும் கல்பாசியும் பெயரில் மட்டும்தான் வெறும் பாசி.