அச்சமா, காப்பா? – ‘தக்வா’வின் தமிழாக்கங்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

இறைவன் தன்னை இடையறாது நோக்கிக்கொண்டிருக்கிறான் என்னும் உணர்வோடு வாழ்தலை இசுலாம் சமயவாழ்வின் உயிர்நிலையாகக் கொள்கிறது. இவ்வுணர்வோடு தொடர்புடையனவாக அரபு மொழியில் தக்வா, முராக்கபா, இஹ்ஸான் என்னும் மூன்று சொற்கள் சிறப்பாக வழங்குகின்றன. மூன்றும் வெவ்வேறு வேர்களிற் பிறந்தவை. வெவ்வேறு படிமங்களைத் தாங்கியவை. இவற்றுள் முதலாவது தமிழில் ‘இறையச்சம்’ என்றே பெரிதும் நிலைபெற்றுவிட்டது. அங்ஙனம் நிலைபெற்றதால் தமிழ் வாசகர் இழந்தது யாது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினாவுக்கு ஐதராபாத்தின் காஞ்சன்பாக் ஒரு நல்ல வாயிலாக அமைகிறது. பாதுகாப்புத்துறை ஆய்வுக்கூடங்களும் பாரத் டைனமிக்ஸ், மிதானி முதலிய நிறுவனங்களும் அமைந்த அப்பகுதியில், இராமேசுவரத்துத் தமிழரான ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் 1982 முதல் 1992 வரை ஏவுகணை ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகப் பணியாற்றினார். அருண் திவாரியோடு சேர்ந்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய தன்வரலாறு 1999இல் ஐதராபாத்திலிருந்தே வெளிவந்தது. பின்னர் மு. சிவலிங்கம் அதனை ‘அக்னிச் சிறகுகள்’ எனத் தமிழாக்கினார். அந்நூலின் தொடக்கப் பகுதியில் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன் மகனுக்குக் கூறிய விளக்கம் ஒன்று உண்டு. ஊழை அச்சத்தோடு நோக்குவது வேறு, தன் நிறைவுக்குத் தடையாகத் தன்னுள்ளேயே இருக்கும் பகையைத் தேடிக் காண்பது வேறு என்பது அதன் கருத்து. தக்வா பற்றிய விரிவுரைகளோடு இக்கருத்தை ஒப்பவைத்துப் பார்ப்பவர்க்கு நெருக்கம் புலப்படும். ஆயினும் தந்தை எச்சொல்லை ஆண்டார் என்பதை அறிய வழியில்லை. பேசியது தமிழ், எழுதியது ஆங்கிலம், நாம் படிப்பது மீண்டும் தமிழ். முதலிலிருந்த தமிழ் நடுவிலே மறைந்துபோயிற்று. தக்வாவின் தமிழ் வரலாறும் ஏறத்தாழ இத்தன்மையதே என்பது பின்னர் விளங்கும்.

வேரும் ஆட்சியும்

தக்வா என்பது வ-க்-ய் என்னும் வேரிலிருந்து வந்தது. வேரின் முதல் மெய்யாகிய வகரம் எட்டாம் வினைவடிவத்தில் தகரமாகித் தகரத்தோடு இரட்டித்து ‘இத்தகா’ என நிற்கும். அத்தகரமே பெயர்ச்சொல்லிலும் தங்கிற்று. வேர்ப்பொருள் காத்தல். வினை தன்னையே நோக்குவதாகலின் ‘தன்னைக் காத்துக்கொள்ளுதல்’ என்பதே சொல்லின் நேர்ப்பொருள். அஞ்சத்தக்க ஒன்றுக்கும் தனக்கும் இடையே ஒரு பொருளை மறைப்பாக நிறுத்திக்கொள்வது என இசுலாத்துக்கு முற்பட்ட அரபுக் கவிதையில் இச்சொல் பெற்றிருந்த பொருளை இசுட்சு தம் 1964ஆம் ஆண்டு நூலில் எடுத்துக்காட்டினார். அச்சம் இங்கு இல்லாமல் இல்லை. ஆனால் அது பின்புலம். சொல் சுட்டுவது அச்சத்துக்குப்பின் நிகழும் செயலையே.

இதற்குத் திருக்குர்ஆனுக்குள்ளேயே சான்றுகள் உள. 16:81இல் வெப்பத்திலிருந்து மனிதரைக் காக்கும் ஆடைகளைக் குறிக்க இவ்வேரின் வினையே வருகிறது. அங்கே எந்த மொழிபெயர்ப்பாளரும் அச்சத்தைக் கொண்டுவரவில்லை, கொண்டுவரவும் இயலாது. ஆனால் 7:26இல் ‘தக்வாவின் ஆடை’ என்னும் உருவகம் வரும்போது, ‘இறையச்சம் என்னும் ஆடை’ என்று எழுத நேர்கிறது. ஆடை காக்கும், அச்சம் எவ்வாறு ஆடையாகும்? மூலத்தில் வேரும் உருவகமும் ஒன்றையொன்று தாங்கி நிற்க, தமிழில் உருவகம் தனித்துத் தொங்குகிறது. வாசகர் அதனைச் சமயநடைக்கே உரிய ஒரு புதிர்மொழி என்று எண்ணிக் கடந்துசெல்கிறார். இவ்வாறு கடந்துசெல்லப் பழக்குவதே மொழிபெயர்ப்பு செய்யக்கூடிய பெருந்தீங்கு என்பது என் கருத்து.

இன்னொரு சோதனையிடம் 24:52. அங்கே ‘கஷ்யா’ என்னும் அச்சச்சொல்லின் வினையும் தக்வாவின் வினையும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டுக்கும் அச்சமே பொருளாயின் கூறியது கூறலாகும். தமிழாக்கங்கள் ஓரிடத்துப் பயத்தையும் மற்றோரிடத்துப் பயபக்தியையோ இறையச்சத்தையோ வைத்து வேறுபாடு காட்ட முயல்கின்றன. அது சொல்வேறுபாடேயன்றிப் பொருள்வேறுபாடு அன்று. கவ்ஃப், கஷ்யா, தக்வா ஆகிய மூன்றும் தமிழில் ஒரே அச்சக்கடலிற் கலந்துவிடுகின்றன.

விரிவுரையாளர் வழங்கும் பழங்கதை ஒன்றையும் இவ்விடத்துச் சுட்டலாம். தக்வா யாது என உமர் வினவியபோது, முட்கள் நிறைந்த வழியில் நடந்ததுண்டா என்று உபை இப்னு கஅப் திருப்பிக் கேட்டாராம். உண்டு, ஆடையைச் சுருட்டிக்கொண்டு பார்த்துப் பார்த்து நடந்தேன் என்றாராம் உமர். அதுவே தக்வா என்பது விடை. முள்ளுக்கு அஞ்சுகிறவன் வழியில் இறங்கவே மாட்டான். இறங்கி, ஆடை கிழியாமல் நடப்பவனைப் பற்றிய கதை இது.

பெயர்த்தோர் கொண்ட முடிவுகள்

1920களின் பிற்பகுதியில் வெளிவரத் தொடங்கிய ஆ. கா. அப்துல் ஹமீது பாகவியின் முன்னோடி மொழிபெயர்ப்பு ‘இறை அச்சம்’ என்னும் தொடரைத் தேர்ந்தது. பிற்காலப் பதிப்புகளுட் சில ‘பயபக்தி’யை ஆண்டன; சில ‘அஞ்சுவோர்’ என வினையாலணையும் பெயராக்கின. பயபக்தி கிறித்தவத் தமிழிலும் சைவ வைணவ உரைநடையிலும் பயின்ற சொல். அச்சத்தின் கடுமையை அதிலுள்ள பக்தி தணிக்கிறது. ஆயினும் காத்தற்பொருள் அங்கும் இல்லை. பாகவியைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தனியொருவராக ஒரு கலைச்சொல் மரபையே உருவாக்க வேண்டியிருந்தவர் அவர். அவருக்குப் பின்வந்தோர் அத்தேர்வை மறுமுறை எடைபோடாமல் விட்டதே வியப்புக்குரியது.

ஏறத்தாழ அதே காலத்தில் ஐதராபாத்தில் வேறொருவர் இதே சொல்லோடு போராடிக்கொண்டிருந்தார். ஆங்கில நாவலாசிரியரான மர்மடியூக் பிக்தால் 1925 முதல் அங்கே வாழ்ந்தவர். சாதர்காட் உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியர். நிசாம் அரசு ஊதியத்தோடு அளித்த விடுப்பில் அவர் முடித்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1930இல் வெளிவந்தது. தக்வா உடையோரை அவர் ‘அஞ்சுவோர்’ என்னாமல் ‘தீமையைத் தடுத்துக்கொள்வோர்’ என்னும் பொருள்பட எழுதினார். ‘தீமை’ மூலத்தில் இல்லையென்பதால் அதனைப் பிறைக்குறிக்குள் இட்டார். அத்தொடர் ஆங்கிலக் காதுக்கு இனியதன்று. ஆனால் வேர் பிழைத்தது. பின்வந்த முகம்மது அசது 1980இல் நிறைவுசெய்த தம் ஆக்கத்தில் ‘இறையுணர்வு’ என்னும் பொருள்தரும் தொடரைக் கொண்டார். அது இன்றைய தமிழிலும் எதிரொலிக்கிறது. உணர்வு என்னும்போது இறைநோக்கு நினைவில் நிற்கிறது. எனினும் முள்வழியில் ஆடையைச் சுருட்டிய கை மறைந்துவிடுகிறது.

ஐதராபாத்தின் உருது மொழியில் தக்வா உடையவரைப் ‘பரேஸ்கார்’ என்பர். பரேஸ் என்னும் பாரசீகச் சொல் விலக்கி நடத்தலைக் குறிப்பது. யூனானி மருத்துவர் நோயாளிக்கு விதிக்கும் உணவுக்கட்டுப்பாடும் பரேஸ்தான். அதாவது நம் பத்தியம். காஞ்சன்பாக்கில் வாழும் தமிழ் முஸ்லிம் ஒருவர் இச்சொல்லைப் பள்ளிவாசலிலும் கேட்கிறார், மருந்துக்கடையிலும் கேட்கிறார். நோய்க்கு அஞ்சுவது பத்தியம் அன்று. உடம்பைக் காப்பது பத்தியம். உருதுக்காரருக்கு அன்றாட வாழ்விலேயே கிடைத்துவிடும் இவ்விளக்கம் தமிழருக்கு ‘இறையச்சம்’ என்னும் நூல்வழக்குச் சொல்லால் கிடைப்பதில்லை.

கண்காணி

தக்வாவைப் பெயர்ப்பதிற் சறுக்கிய தமிழ், ‘றகீப்’ என்னும் இறைப்பெயரைப் பெயர்ப்பதில் எதிர்பாராத வெற்றி கண்டிருக்கிறது. ‘கண்காணிப்பவன்’ என்பதே தமிழாக்கங்களிற் பயின்ற சொல். இதனைக் குறைகூறுவோர் உளர். கண்காணி என்றவுடன் இலங்கை, மலாயாத் தோட்டங்களுக்கு ஆள்கட்டிச் சென்று, முன்பணத்தால் கடனிற் பிணித்து, வரிசையில் நிறுத்தி வேலைவாங்கிய மேலாளன் நினைவுக்கு வருகிறான். இன்றோ ‘கண்காணிப்புக் கேமரா பொருத்தப்பட்டுள்ளது’ என்று கடைதோறும் தொங்கும் பலகை நினைவுக்கு வருகிறது. இவ்விரண்டு நிழலும் படிந்த சொல்லை இறைவனுக்கு இடலாமா என்பது அவர்கள் வினா.

சொல்லின் வரலாறு இவ்வினாவுக்கு விடைகூறும். சோழர் கல்வெட்டுகளில் கோயிற்காரியங்களை மேற்பார்த்தவன் கண்காணி. அதனினும் சிறப்பாக, திருமூலர் திருமந்திரத்துச் செய்யுள் ஒன்றில் இச்சொல்லை அடிதோறும் வைத்து, கண்காணி இல்லையென எண்ணிக் களவு செய்வோரையும், எங்கும் கலந்து நிற்கும் இறைவனைக் கண்காணியாகக் கண்டு களவு ஒழிந்தோரையும் எதிரெதிர் நிறுத்துகிறார். இசுலாமிய மரபில் இதற்கு நேரான கதை உண்டு. மலைச்சாரலில் ஆடு மேய்த்தவனிடம் இப்னு உமர் ஓர் ஆட்டை விலைக்குக் கேட்டு, ஓநாய் தின்றதென்று உடையவனிடம் சொல்லிவிடு என்று சோதித்தாராம். அப்படியாயின் இறைவன் எங்கே என்று இடையன் கேட்டானாம். மேலாளன் இல்லாத மலையில் அவன் கண்டது திருமூலர் கூறிய கண்காணியையே. ஆகவே தோட்டத்துரை இச்சொல்லைக் கறைப்படுத்தியது பிற்கால நிகழ்ச்சி. சமயத்தமிழ் அதற்கு முன்னரே அதனைத் தூயதாக்கி வைத்திருந்தது.

எனினும் முராக்கபாவுக்குக் ‘கண்காணிப்பு’ போதாது. கசாலி தம் இஹ்யாவின் முப்பத்தெட்டாம் நூலை முராக்கபாவுக்கும் தன்கணக்காய்வுக்கும் ஒதுக்கினார். இச்சொல் மூன்றாம் வினைவடிவின் தொழிற்பெயர். எதிரில் ஒருவரை வைத்து நிகழும் செயலைக் காட்டுவது. இறைவன் அடியானை நோக்குகிறான். அந்நோக்கை அடியான் நோக்குகிறான். இஹ்ஸானுக்கு நபிமொழி தரும் விளக்கமும் இவ்விரு முனையையே தொடுகிறது: இறைவனைக் காண்பவன்போல் வணங்குதல் ஒன்று, காண இயலாவிடினும் அவன் காண்கிறான் என அறிதல் மற்றொன்று. கேமராவை யாரும் இவ்வாறு திரும்பி நோக்குவதில்லை. அதன் பார்வைக்கு எட்டாத மூலையைத்தான் தேடுவர்.

இதற்கேற்ற தமிழ்ச்சொல்லைத் தேடினால் நினைவுக்கு வருவது ‘எதிர்நோக்கு’. பார்வைக்கு எதிர்ப்பார்வை தருவதை வள்ளுவர் காமத்துப்பாலில் பேசியிருக்கிறார். ஆனால் இன்றைய தமிழில் எதிர்நோக்குதல் வருவதற்காகக் காத்திருத்தலைக் குறிக்கிறது. இது தடையென்று தோன்றும். அரபு அறிந்தோர்க்குத் தோன்றாது. முராக்கபாவின் அதே வேர் ஐந்தாம் வடிவில் காத்திருத்தலையே உணர்த்துகிறது. மூசா நபி நகரைவிட்டு வெளியேறும் 28:21இல் அவ்வினை வருகிறது. அதன் அருகிலேயே அச்சத்துக்கு வேறொரு சொல் தனியே நிற்கிறது. பார்த்தலும் காத்திருத்தலும் ஒரு சொல்லில் கூடுவது இரு மொழிக்கும் பொதுவாயிருக்க, அதனைப் பயன்கொள்ளாமல் விட்டது நம் சோம்பலே.

பேணுதல்

தக்வாவுக்குத் திரும்புவோம். ‘காப்பு’ என்று பெயர்க்கலாமெனின், அச்சொல் வளையலையும் மந்திரக் கயிற்றையும் நூன்முகத்துக் கடவுள்வாழ்த்தையும் உடன் அழைத்துவரும். ‘மனச்சான்று’ பொருளால் நெருங்குவது. தக்வாவை மனச்சான்றோடு இணைத்துப் பேசிய பசுலுர் ரகுமானுக்கு அது உவப்பாயிருக்கும். ஆனால் தன்மேல் தானே சாட்சியாக மனிதனைக் காட்டும் 75:14க்கே அது பொருந்தும்.

ஆனால் தேடவேண்டாத சொல் ஒன்று தமிழ் முஸ்லிம்களின் நாவிலேயே இருக்கிறது. ஐயத்துக்குரிய உணவையும் வருவாயையும் விலக்கி, சொல்லிலும் கொடுக்கல் வாங்கலிலும் கவனமாக நடப்பவரைப் ‘பேணுதலான மனிதர்’ என்பர். ஊர்ப் பெரியவர்களும் ஆலிம்களும் இயல்பாக ஆளும் சொல் இது. காத்தல், போற்றுதல், கவனத்தோடு நடத்தல் ஆகிய மூன்றும் அதில் உள. எழுதும்போது இறையச்சம் என்றும், பேசும்போது பேணுதல் என்றும் இரண்டாகப் பிரிந்து நிற்பதில், பேச்சு மூலத்துக்கு அணுக்கமாகவும் எழுத்து சேய்மையாகவும் அமைந்தமை மொழியியலாளர் கருதத்தக்கது.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்பதன்று. திருமண உரையில் ஓதப்பெறும் 4:1 தக்வாவை ஏவித் தொடங்கி, இடையில் மீண்டும் அதனை ஏவி உறவுகளை நினைவூட்டி, றகீப் என்னும் பெயரோடு முடிகிறது. அஞ்சுங்கள், அவன் கண்காணிக்கிறான் என்று கேட்கும் மணமக்கள் மேலாளனையும் தண்டனையையும் எண்ணுவர். பேணி நடங்கள், அவன் நோக்கிக்கொண்டிருக்கிறான் என்று கேட்பவர் உறவைப் பேணுவதையே எண்ணுவர். வசனத்தில் உறவுகள் இடம்பெற்ற காரணமும் அவர்க்கே விளங்கும்.

தடை ஒன்று உண்டு. 2:238இல் தொழுகைகளைக் குறித்து வரும் ஹ-ஃப்-ழ் வேர்வினைக்குத் தமிழாக்கங்கள் ஏற்கெனவே ‘பேணுதலை’ ஈந்துவிட்டன. அதனைத் ‘தவறாது காத்தல்’ என மாற்றிக்கொண்டால் பேணுதல் தக்வாவுக்கு உரியதாகும். முழு மொழிபெயர்ப்பு ஒன்றைத் திருத்த முற்படுவோர் இவ்விரு வேர்களும் வரும் இடங்கள் அனைத்தையும் முதலில் அட்டவணைப்படுத்தி, அதன்பின்னரே எழுதுகோலை எடுத்தல் வேண்டும்.