மாங்காய்ப் பூட்டும் சாஃப்ட்வேரும்

கும்பக்கரையிலிருந்து அடுக்கம் வழியாகக் கொடைக்கானல் ஏறியிருக்கிறீர்களா? மழைக்காலத்தில் மண் சரியும், விசாரித்துவிட்டுப் போங்கள். அங்கே ஒரு காப்பிக்கொட்டை அறையின் கதவில் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு தொங்கியது. அடுத்த கதவில் பளபளவென்று அலிகார் பூட்டு. 'ஏங்க ரெண்டு தினுசு?' என்றேன். 'அதுல காப்பி இருக்கு, இதுல மம்பட்டி இருக்கு' என்றார் பெரியவர்.

நான் பி.காம்! ஆடம் ஸ்மித்தின் குண்டூசிக் கணக்கை மனப்பாடம் செய்தவன். வேலையைப் பிரித்துக்கொண்டால் பத்துப் பேர் ஒரே நாளில் 48,000 குண்டூசி செய்யலாம் என்று 1776-ல் எழுதினார் மனுஷர். குண்டூசிக்குச் சரி. ஒன்றைப் போலவே இன்னொன்று இருந்தால்தான் அது நல்ல குண்டூசி. பூட்டு அப்படி இருந்தால் அது பூட்டே இல்லை சார்! திண்டுக்கல் தொழிலாளி உள்ளே இருக்கிற லீவரை அரம் வைத்து ராவி ராவி அந்த ஒரு சாவிக்கு மட்டும் பொருத்துகிறார்.

சாஃப்ட்வேர் குண்டூசியா, பூட்டா? காப்பி எடுக்கச் செலவே இல்லாததால் குண்டூசி மாதிரிதான் வியாபாரம் நடக்கிறது. 2014-ல் ஹார்ட்பிளீட் என்று ஒரு ஓட்டை வெளியே வந்ததே, ஞாபகமிருக்கிறதா? ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்கிற பாதுகாப்பு புரோகிராமில், வருகிற தகவலின் நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு சின்னச் சோதனை விட்டுப்போயிருந்தது. ஒரே கள்ளச்சாவி, லட்சக்கணக்கான வெப்சைட்! அந்தத் தப்பைச் செய்தது மெஷின் இல்லை, மனிதக் கைதான். பராமரித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். ஆகவே கைவேலை என்றால் புனிதம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ள நான் தயாரில்லை.

2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கைதட்டினோம். அது பேரைக் காப்பாற்றும், பிழைப்பை? அலிகாரிலிருந்து மலிவாக வந்து குவிகிறபோது, பீஸ் கணக்குக் கூலிக்கு மகனை எந்த அப்பா பட்டறையில் உட்கார வைப்பார்? தகடு வெட்ட மெஷின் வரட்டும், எனக்கு ஆட்சேபணையில்லை. ராவுகிற அந்தக் கடைசி வேலைக்கு யார் காசு கொடுப்பது? இப்போது ஏ.ஐ. மூட்டை மூட்டையாகக் கோடு எழுதித் தள்ளுகிறது. அதை வரிவரியாகப் படித்துப் பார்க்கிறவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கில் வரும்? காஸ்ட் அக்கவுன்டிங்கில் 'வீண் செலவு' என்று வெட்டப்படுவது முதலில் அதுதான். கை வேலையும் மெஷினும் சேர்ந்து வாழலாம், சந்தேகமில்லை. வீட்டுச் செலவை யார் தருவது என்பதில்தான் சண்டை.

மாங்காய்ப் பூட்டு பெரியவரின் அப்பா வாங்கியதாம். சாவி ஒன்றே ஒன்று.

'தொலைஞ்சா?'

'திண்டுக்கல்லுக்குத் தூக்கிட்டுப் போவணும்' என்றவர், சற்று யோசித்துச் சொன்னார்: 'செய்யறவுக யாராச்சும் இருந்தா.'