யாருக்கு ஆள் கிடைக்கவில்லை?

தம்மம்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காலையில் ஒரு டீ குடிக்கிற நேரம் நின்றால் போதும், இந்த வாக்கியம் காதில் விழுந்துவிடும்: "ஆளே கிடைக்க மாட்டேங்குது." குச்சிக்கிழங்கு பிடுங்க ஆள் இல்லை, களை வெட்ட ஆள் இல்லை, பாத்தி கட்ட ஆள் இல்லை. அடுத்த வாக்கியமும் தயாராக இருக்கும்: "ரேஷன் அரிசியும் நூறு நாள் வேலையும் இவனுங்கள சோம்பேறி ஆக்கிருச்சு." யார் அந்த 'இவனுங்க' என்று யாரும் கேட்பதில்லை. சொல்கிறவருக்குத் தெரியும். பக்கத்தில் டீ குடிக்கிற எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

டீக்கடைப் பேச்சுக்கு எதற்கு விமர்சனம் என்று கேட்கலாம். இந்த வாக்கியம் டீக்கடையோடு நிற்கவில்லை என்பதுதான் என் பிரச்சினை. கதையாக, நாவலாக, 'விவசாயியின் கண்ணீர்' வகைக் கட்டுரையாக அச்சேறி வருகிறது. மழை பொய்த்தது, கிணறு வற்றியது, விலை விழுந்தது, ஆள் கிடைக்கவில்லை என்று ஒரே மூச்சில் எழுதிக்கொண்டு போகிறார்கள். மழையையும் கிணற்றையும் சேர்த்த பட்டியலில் ஆளையும் சேர்த்துவிடுகிறார்கள். ஏன் பெய்யவில்லை என்று மழையிடம் போய்க் கேட்க முடியாது. ஏன் வரவில்லை என்று ஆளிடம் கேட்கலாமே. கேட்டு எழுதிய கதைகளை எண்ண என் ஒரு கை விரல்கள் அதிகம்.

'ஆள்' என்கிற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். 'ரெண்டு ஆம்பளை ஆளு, நாலு பொம்பளை ஆளு' என்கிறபோது பெயர் கிடையாது, வயசு கிடையாது. ஆண்டான், ஆண்டை எல்லாம் இதே வேரில் பிறந்த சொற்கள்தான். ஒரே வேர், ஒரு கிளை ஆளுகிறது, ஒரு கிளை ஆளாகக் கிடக்கிறது. 'ஆள் கிடைக்கல' என்றால் மனுசன் இல்லை என்று அர்த்தமில்லை. நான் கூப்பிட்ட நேரத்துக்கு, நான் சொன்ன கூலிக்கு, நான் பேசுகிற பேச்சைக் கேட்டுக்கொண்டு வேலை செய்ய யாரும் வரவில்லை என்று அர்த்தம். இந்த மூன்றையும் விழுங்கிவிட்டுத்தான் அந்த வாக்கியம் அப்பாவி மாதிரி நிற்கிறது.

தம்மம்பட்டியின் மரச்சிற்பம் புவிசார் குறியீடு வாங்கிய பேர்பெற்ற தொழில். சிற்பியின் மகன் உளியை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் 'கலை அழிகிறது' என்று உருகி எழுதுகிறார்கள். உருகட்டும், நல்ல கலைதான். என் மாமன் மகன் மண்வெட்டியை வைத்துவிட்டுத் திருப்பூருக்குப் போனால் மட்டும் அவன் சோம்பேறி.

இதே ஊரில் இதே வாரம் என் அம்மா சொல்கிற வாக்கியம் வேறு: "ஒருத்தரும் கூப்புடலப்பா." இரண்டில் எது பொய்? இரண்டுமே நிஜம். இந்தப் பக்கம் கிழங்கு விலை ஜவ்வரிசி ஆலையைப் பார்த்து நிற்கிறது. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து ஆலைக்காரர் விலை சொல்கிறார். சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981இல் வந்தது. அங்கே ஜவ்வரிசி டெண்டரில் போகிறது. விலை ஏறினால் எல்லாரும் ஒரே நேரத்தில் பிடுங்குகிறார்கள். இறங்கினால் மண்ணுக்குள்ளேயே விட்டுவைத்துக் காத்திருக்கிறார்கள். கிழங்கு சில வாரம் காத்திருக்கும். வயிறு காத்திருக்காது. ஆக, விலை ஏறிய நாலு நாள் ஆளுக்கு அடிதடி, மீதி நாள் அம்மாவுக்கு வேலை இல்லை. காட்டுக்காரர் தன் நிச்சயமின்மையை அப்படியே கூலிக்காரி தலையில் இறக்கி வைத்துவிடுகிறார். ஆள் இல்லை என்று சொல்லி அறுப்பு மிஷினும் களைக்கொல்லியும் வந்தபிறகு, வள்ளத்தில் அளந்து வாங்கிய களத்துக் கூலியும் போயிற்று, களை வெட்டும் போயிற்று. ஆள் இல்லாததால் மிஷின் வந்ததா, மிஷின் வந்ததால் ஆள் போனாளா என்று அம்மாவைக் கேட்டேன். "ரெண்டும்தான்" என்றாள்.

ஆள் தாராளமாகக் கிடைத்த காலம் எப்படி இருந்தது என்று தெரியவேண்டுமானால் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) படிக்க வேண்டும். திருச்செங்கோட்டுப் பக்கத்து மேய்ச்சல் காடு. கவுண்டர் பண்ணயத்தில் வருசக் கூலிக்கு விடப்பட்ட சக்கிலியப் பையன் கூளையன். கூட ஆடு மேய்க்கிற பிள்ளைகளுக்கு வவுறி, நெடும்பன், செவிடி, மொண்டி என்று உடம்பை வைத்தே பேர். கூலி அப்பன் கைக்குப் போகிறது, பிள்ளைக்கு மிச்சச் சோறும் ஆட்டுப்பட்டியில் ராத்தூக்கமும். கடனுக்கு ஈடாக வந்த பிள்ளையும் உண்டு. கொத்தடிமை முறையை ஒழித்த சட்டம் 1976ஆம் வருசத்துச் சட்டம் என்பதை நினைத்துக்கொண்டே படியுங்கள். அந்தக் கவுண்டரும் பெரிய ஜமீன் இல்லை, தானும் வெயிலில் காய்கிறவர்தான். அதை மறைக்காமல் எழுதியது நாவலின் நேர்மை.

ஆனாலும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. காட்டின் அழகும் பிள்ளைகளின் விளையாட்டும் வருகிற பக்கங்களில் எழுத்து அவ்வளவு இனிப்பாக இருக்கிறது, அந்தக் காடு போய்விட்டதே என்று வாசகனுக்கு ஏக்கம் வந்துவிடுகிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போக முடிகிறவனுக்குத்தான் மேய்ச்சல் காடு அழகு. என் ஆயா பண்ணயத்தில் இருந்தவள், கொட்டாங்குச்சியில் கூழும் டீத்தண்ணியும் வாங்கிக் குடித்தவள். அந்தக் காலத்தைப் பற்றி ஏக்கமாக ஒரு வார்த்தை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. கூளையன் மாதிரி ஒருவனுக்கு இன்றைக்கு ஐம்பது, அறுபது வயசு இருக்கும். டீக்கடையில் சோம்பேறி என்று திட்டு வாங்குகிறவன் அவன்தான். திருப்பூருக்குப் போனவன் அவன் மகன். அவன் ஏன் ஆட்டுக்கு வரவில்லை என்பதற்கு அந்த நாவலைவிட நல்ல பதில் வேண்டுமா?

நம்ம பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது விமர்சனம் ஆகாது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது தலித் விமர்சகர்களுக்குள் பெரிய சண்டை நடந்தது. பறையர் காலனிக்குத் துணி வெளுக்கிற ஆரோக்கியம், ராச்சோறு எடுத்து, களத்தில் தானியம் வாங்கி வாழ்கிறவள். கொடுக்கிற கை சுருங்கச் சுருங்க அவள் பிழைப்பு ஆட்டம் காண்கிறது. அன்றைக்குக் காட்டிக்கொடுக்கிறார் என்று கோபப்பட்டவர்களில் நானும் ஒருத்தன். இப்போது திரும்பப் படித்தால், எங்கள் தெருவில் சாவு விழுந்த வீட்டில் "வண்ணாத்தி இன்னும் வரலயா?" என்று என் பெரியப்பா போட்ட சத்தம் காதில் விழுகிறது. டீக்கடை வாக்கியத்துக்கும் அதற்கும் இலக்கணம் ஒன்றுதான்.

ஆள் குறைந்தால் கூலி ஏறும் என்பது சந்தை விதி என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அந்த விதி ஏழைக்குச் சாதகமாகத் திரும்பும்போதெல்லாம் சட்டமோ நெருப்போ குறுக்கே வந்திருக்கிறது. இங்கிலாந்தில் கொள்ளைநோயில் ஜனம் செத்து மீந்தவர்கள் கூடுதல் கூலி கேட்டபோது, நோய்க்கு முந்தைய கூலிதான் வாங்க வேண்டும் என்று 1351இல் சட்டம் போட்டார்கள். கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்டார்கள், மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேரை எரித்தார்கள்.

நூறு நாள் வேலை சேலம் மாவட்டத்துக்கு வந்தது 2008 ஏப்ரலில். அதே வருசம் செப்டம்பரில் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். அம்மாவுக்கு இவை தந்தது சோம்பல் இல்லை. 'அந்தக் கூலிக்கு வரமாட்டேன்' என்று சொல்கிற தெம்பு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை அவள் முதன்முதலில் பார்த்ததும் ஏரி வேலையில்தான். தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் பத்தில் எட்டுக்கு மேல் பெண்கள். அதுவும் நிச்சயமான வேலை இல்லை. 2025 ஜனவரியில் மாநிலத்துக்கு வரவேண்டிய கூலிப் பாக்கி 1,056 கோடி ரூபாய் என்று முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறொன்றை நிறைவேற்றியது. நாள் 125 என்று கூட்டியிருக்கிறார்கள். கூடவே, விதைப்பும் அறுப்பும் மும்முரமாக இருக்கிற காலத்தில் 60 நாள் இந்த வேலை நடக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். காரணம், விவசாயத்துக்கு ஆள் கிடைக்க வேண்டுமாம். டீக்கடை வாக்கியம் சட்டப் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கூலி ஏறுகிற 60 நாளில் அவளுக்கு வேறு வழி இருக்கக் கூடாது என்பதைத்தான் நான் அதில் படிக்கிறேன்.

இப்போது ஆலைகளிலும் கோழிப்பண்ணைகளிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள். "இந்திக்காரன் வந்து கூலியக் கெடுத்துட்டான்" என்று எங்கள் தெருப் பையன்களே பேசுகிறார்கள். 2023 மார்ச்சில், பீகாரிகளைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது முதலாளிகள் பதறினார்கள், ஆள் போய்விடுமே என்று. அந்தப் பையன்களில் எத்தனை பேர் அவன் ஊர்ச் சேரியிலிருந்து வந்தவன், எந்தக் காட்டுக்காரன் அங்கே 'ஆள் கிடைக்கல' என்று திட்டிக்கொண்டிருக்கிறான் என்று நம் எழுத்தாளர்கள் யாராவது கேட்டார்களா? நானும் கேட்கவில்லை. ஜவ்வரிசிக் களத்தைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் போகிறேன்.

போன மாசம் ராத்திரி எட்டு மணிக்கு அம்மாவுக்குப் போன் வந்தது. காட்டுக்காரர் மகன். அவன் அப்பா அம்மாவைப் பேர் சொல்லி, 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிடுவார். மகன், "ஏங்க்கா, நாளைக்கு ஒரு ஆறு பேரக் கூட்டிக்கிட்டு வர முடியுங்களா?" என்றான்.

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் சொன்னாள்:

"ஒம்போது மணிக்கு வருவோம். ரெண்டு மணிக்குக் கரையேறிருவோம். கூலி போன வாரம் பக்கத்துக் காட்டுல குடுத்ததுதான். டீத்தண்ணி வேணாம் தம்பி, நாங்களே கொண்டாந்துக்கறோம்."