வாசலில் நிற்கும் ஐன்

ஹைதராபாத் நிஜாமின் சார்மினார் ரூபாயைக் கையில் வாங்கியதும் அநேகர் மினார்களின் நுனியைத்தான் பார்க்கிறார்கள். நுனி மழுங்காமலிருந்தால் காசு அதிகம் கைமாறவில்லை என்று தீர்மானித்து, அந்த க்ஷணமே விலையும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தில் குற்றம் காண்பது என் நோக்கமல்ல என்றாலும், ஹைதராபாத்தின் சனத்நகருக்குக் குடிவந்து ஐம்பது வருஷங்களாக இந்த வெள்ளியோடு சகவாசம் செய்துவருகிற பாத்தியதையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: பார்க்கவேண்டியது வாசலை. மினார்களுக்கு நடுவே வளைந்திருக்கும் அந்தச் சின்னஞ்சிறு வாசலில், ஓர் எறும்பு நுழைந்தால் இடம் நிரம்பிவிடும் என்கிற அளவில், ஓர் எழுத்து நிற்கிறது. ஹிஜ்ரி 1321இல், அதாவது 1903ஐ ஒட்டி, நிஜாம் மஹபூப் அலி கானின் ரூபாயில் சார்மினார் ஏறியபோது அங்கே நின்றது அவர் பெயரின் முதலெழுத்தாகிய மீம். 1911 ஆகஸ்டில் அவர் காலமாகி உஸ்மான் அலி கான் பட்டத்துக்கு வந்தபின் மீம் விடைபெற்று, உருது எழுத்தில் உஸ்மானுக்கு முதலெழுத்தாகிய ஐன் வந்து நின்றது. கட்டடம் மாறவில்லை, நிஜாம்-உல்-முல்க் பகதூர் ஆஸஃப் ஜா என்று சுற்றிலும் ஓடும் பட்டப்பெயர் மாறவில்லை, முகம்மது என்ற திருநாமத்தின் எண்மதிப்பாகிய 92 மாறவில்லை. ஒரு ராஜ்யம் தகப்பனாரிடமிருந்து பிள்ளைக்குக் கைமாறிய சமாசாரம் முழுவதும் வாசலில் ஒரே ஓர் எழுத்தில் அடங்கிவிட்டது. ராஜாவின் தலையைப் பொறித்தால்தான் நாணயம் என்று சாதிக்கிற பிரிட்டிஷ் மகாராணி ரூபாய் சேர்க்கிறவர்கள் இந்த நாசூக்கை என்றைக்காவது நின்று கவனித்தார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

அந்த ஐனிலும் இரண்டு தினுசு உண்டு. ஹிஜ்ரி 1330ஐ ஒட்டிய ஆரம்பக் காசுகள் சிலவற்றில், சொல்லின் தொடக்கத்தில் எழுதுகிற மாதிரியான குறு ஐன், வால் நீளாமல் சட்டென்று முடிந்துவிடுகிறது. மற்றவற்றில் எழுத்து தனித்து நிற்கும்போது பெறுகிற முழு வடிவம், கீழே வயிறு வளைந்து வாசலை நிரப்பிக்கொண்டு நிற்கிறது. எழுத்தின் லக்ஷணம் தெரிந்த நண்பர்கள் முழு ஐனே பூரணமான அழகு என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் என் கட்சி குறு ஐன்தான். உஸ்மான் என்று எழுதத் தொடங்கிய கை, சந்நிதியின் மரியாதையை உத்தேசித்து முதலெழுத்தோடு நின்றுகொண்டது போன்ற ஓர் அடக்கம் அதில் எனக்குத் தெரிகிறது. தரம் பார்ப்பதற்கும் அதுவே உரைகல். வளைவுக்குள் பதுங்கியிருக்கிற எழுத்தை விரல்களின் உராய்வு எளிதில் தொடுவதில்லையாதலால், மினாரின் நுனி கூர்மையாயிருந்தும் ஐன் மங்கியிருக்குமானால் அச்சு சரியாக விழவில்லை என்று கொள்ளலாம். எழுத்து கொழுகொழுவென்று விளிம்பு கெட்டு நிற்குமானால் அது அச்சடித்த காசே அல்ல, வார்த்த போலி என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம்.

இந்த எழுத்தை எனக்கு அறிமுகம் செய்துவைத்தவர் ஒரு நாணயப் பண்டிதரல்லர். தொழிற்சாலை வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த புதிதில் நான் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரரின் தாயார், தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்த அம்மையார், ஒரு நாள் வெற்றிலைப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து நாலைந்து ரூபாய்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, தமக்குக் கண் மங்கிவிட்டபடியால் வாசலில் இருப்பது மீமா ஐனா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். எனக்கு இரண்டும் தெரியாது. தரையில் விரலால் எழுதிக்காட்டி, "ஐன், பேட்டா, ஐன்" என்று நாலு தரம் சொன்னார். தொழில் என்று பொருள்படும் ஸன்அத் என்ற சொல்லிலிருந்தே இந்தப் பேட்டைக்குச் சனத்நகர் என்ற பெயர் வந்ததென்றும், அந்தச் சொல்லின் நடுவிலும் ஓர் ஐன் ஒளிந்திருக்கிறதென்றும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். நிஜாமின் ஹாலி ரூபாய் ஏழுக்குப் பிரிட்டிஷ் சர்க்காரின் கல்தார் ரூபாய் ஆறு என்று கணக்குப் போட்டு மாற்றிய காலத்தையும், 1959இல் ஹாலி சிக்கா அடியோடு நின்றுபோனதையும் அவர் ஒரு பந்துவின் மரணத்தைச் சொல்கிற குரலில் சொன்னார். அந்தக் காசுகளை அவர் எனக்கு விற்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது காசு வாங்குவது கைபேசியில். மும்பையிலும் பெங்களூரிலும் ஆமதாபாத்திலும் நடக்கிற ஏலங்களில், சனத்நகர் வீட்டுத் திண்ணையிலிருந்தபடியே நானும் விலை கேட்கிறேன். சௌகரியம் பெரிதுதான், ஆயினும் படத்தில் எடை தெரியாது, ஓசை கேட்காது. 11.18 கிராம் நிற்கவேண்டிய ரூபாயைத் தராசில் வைக்காமல், சுண்டிப் பார்க்காமல், பக்கவாட்டு விளக்கில் பிடித்த ஒரு படத்தை மட்டும் நம்பி விலை கூட்டுகிற வித்தையை நான் நஷ்டப்பட்டே கற்றேன். சில வருஷங்களுக்கு முன் குறு ஐன் ஒன்று, புழக்கம் காணாதது என்ற வர்ணனையோடு ஏலத்துக்கு வந்தது. கடைசி நிமிஷத்தில் எவனோ ஒரு கண்காணாப் போட்டியாளனோடு மல்லுக்கு நின்று, கமிஷனும் வரியும் தபால் செலவும் சேர்த்து நான் நினைத்ததற்கு ஒன்றரை மடங்கு கொடுத்து அதை வரவழைத்தேன். உறையைப் பிரித்தபோது எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளபளத்தது. லென்ஸின் கீழ் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் ஆயிரம் மெல்லிய கீறல்கள்: யாரோ புண்ணியவான் தேங்காய்நாரும் பொடியும் போட்டுத் தேய்த்திருக்கிறான். விளிம்பில் வளையம் பற்றவைத்து எடுத்த தடமும் இருந்தது. அந்தத் தடத்தைக்கூட மன்னிக்கலாம்; லம்பாடிப் பெண் ஒருத்தியின் கழுத்தில் அது ஒரு காலம் வாழ்ந்திருக்கக்கூடும். தேய்ப்பை மன்னிக்க முடியவில்லை. நூறு வருஷம் காற்றுப்பட்டு வெள்ளியின் மேல் நீலமும் சாம்பலும் கலந்து படர்கிற அந்தக் கருமை ஒரு தரம் போனால் போனதுதான்.

நியூஜெர்ஸியில் இருக்கிற என் மருமகப்பிள்ளை ஆதிகால அமெரிக்க வெள்ளியில் பித்துக் கொண்டவன். "மாமா, 64 என்று ஸ்லாபில் போட்டிருக்கிறதா இல்லையா, அதைப் பார்த்து வாங்குங்கள்" என்று, நாணயத்தைத் தரமெண்ணோடு மூடிவைக்கிற பிளாஸ்டிக் பெட்டியை உத்தேசித்து, உபதேசம் செய்கிறான். அந்த எழுபது புள்ளிக் கணக்கை 1949இல் ஷெல்டன் என்பவர் வகுத்தது பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளின் விலையை நிர்ணயிப்பதற்காக என்பதையும், அது எல்லா தேசத்து நாணயங்களுக்கும் வேதமானது பிற்பாடு என்பதையும் அவனுக்கு நினைவூட்டினேன். அவன் ஆசைப்படுகிற 1794ஆம் வருஷத்து டாலர்களில் ஒன்று, 2013இல் ஒரு கோடி டாலருக்கு மேல் ஏலம் போனதல்லவா, அதன் மேல் அரத்தால் ராவிய கோடுகள் இருக்கின்றன. நடுவே வெள்ளியால் அடைத்த அடைப்பும் இருக்கிறது. அடிப்பதற்கு முன்பே எடையைச் சரிசெய்ய அக்கசாலைக்காரன் பட்ட பாட்டின் அடையாளங்கள் அவை. அவற்றைக் குறை என்று சொல்லாமல் லக்ஷணம் என்று கொண்டாடத் தெரிந்தவர்களே அவனுடைய குருமார்கள். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் சம்பாஷணையில் நான் ஜெயித்த இடம் ஒன்றுதான். 1918இல் பிட்மன் சட்டப்படி அவர்கள் உருக்கிய இருபத்தேழு கோடி வெள்ளி டாலர்களில் பெரும்பகுதி, இந்தியாவின் வெள்ளிப் பஞ்சத்தைத் தீர்க்கப் பிரிட்டிஷ் சர்க்காருக்கு விற்கப்பட்டது. "உங்கள் சுதந்திர தேவி எங்கள் ரூபாய்க்குள் இருக்கிறாள்" என்றேன். அவன் சிரித்துவிட்டு, தனக்கு ஒரு குறு ஐன் அனுப்பும்படி கேட்டான். நூறு வயது தாண்டிய காசு 1972ஆம் வருஷத்துப் புராதனப் பொருள் சட்டப்படி கடல் தாண்டக்கூடாது என்று பதில் எழுதினேன். எழுதும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

சங்க காலத்துக் காசுகளே காசுகள் என்று வாதிக்கிற மதுரை நண்பர் ஒருவரும் உண்டு. பெருவழுதி என்ற எழுத்தைப் பாண்டியக் காசில் கண்டு காட்டிய இரா. கிருஷ்ணமூர்த்தியிடத்தில் எனக்கும் பக்தி உண்டு. அந்தப் பழமையின் முன் சார்மினார் ரூபாய் நேற்றுப் பிறந்த குழந்தை. எனினும் ரசனையை வயதை வைத்து அளக்கிற அவருடைய கோல் எனக்குச் சம்மதமில்லை. அப்படிப் பார்த்தால், பிற்காலத்தில் பாதி வெள்ளியாக இளைத்துப்போன உஸ்மானிய ரூபாய்களை நான் ஒதுக்குவதற்குக் காரணமே இராது. உலோகம் தாழ்ந்தபோது ஓசையும் தாழ்ந்தது. இந்த ரூபாய்களை அடித்த ஸைஃபாபாத் அக்கசாலை 2022இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டிருக்கிறது. அடிப்பு வேலை 1997லேயே செர்லபள்ளிக்குப் போய்விட்டது. இன்று அங்கிருந்து வருகிற காசுகளில் வருஷத்துக்குக் கீழே ஒரு சிறு நட்சத்திரம் இருக்கும். அதைச் சுண்டினால் என்ன ஓசை வருகிறதென்று கேட்டுப் பாருங்கள்.

ஸ்லாபுக்குள் அடைத்த நாணயத்தைச் சுண்டக்கூட முடியாது. புதிதாகச் சேகரிக்க வருகிற பிள்ளைகள் பிளாஸ்டிக் பெட்டியின் மேலுள்ள எண்ணை வாங்குகிறார்கள். உள்ளே இருப்பது மீமா ஐனா என்று கேட்டால் கைபேசியைத் தடவுகிறார்கள். அவர்களைத் திருத்துவது என் வயதுக்கு ஆகிற காரியமல்ல. உங்கள் வீட்டுப் பழம்பெட்டியில், தாத்தா ஹைதராபாத்தில் உத்தியோகம் பார்த்த காலத்து ரூபாய் ஏதாவது கறுத்துக் கிடந்தால், தயவுசெய்து புளியை மட்டும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். விளிம்பைப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்து, முதலில் வாசலைப் பாருங்கள்.