தடை உயிர் காக்குமா?

“சாகணும்னு முடிவு பண்ணினவனை யாரு தடுக்க முடியும்?” துக்க வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆறுதலாகச் சொல்லும்போது மறுத்துப் பேச மனம் வராது. ஆனால் அரசாங்கமும் அதையே நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், அந்த நம்பிக்கையைச் சோதித்துத்தான் ஆக வேண்டும். அதற்கு இலங்கையின் அனுபவம் போதும்.

1995இல் அங்கே லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. அந்தச் சாவுகளில் பெரும்பகுதி பூச்சிமருந்தால் நேர்ந்தவை. அந்த ஆண்டு தொடங்கி, மிகக் கொடிய மருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 20 ஆண்டுகளில் விகிதம் சுமார் 70 சதவீதம் சரிந்தது. 93,000 உயிர்கள் தப்பியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

சரிவுக்கு வேறு காரணம் இருக்கலாமே என்பது நியாயமான சந்தேகம். போர், வேலையின்மை, மது, மணமுறிவு எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், எதுவும் பொருந்தவில்லை. மருந்து போனால் விளைச்சல் போகும் என்ற அச்சமும் மெய்யாகவில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. சாவு குறைந்த அளவுக்கு முயற்சிகள் குறையவில்லை. மருந்து குடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். அப்படியானால் துயரம் அப்படியே இருக்கிறது, தடை எதைத் தீர்த்தது? துயரத்தைத் தீர்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் இலங்கைக் கிராமங்களில் பிழைத்து வந்தவர்களிடம் கேட்டபோது, பலர் அரை மணி நேரம்கூட யோசித்திருக்கவில்லை. வீட்டில் ஒரு சண்டை, கோபம், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பாட்டில். பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. முடிவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு நெருக்கடி. வந்த வேகத்தில் கடந்துபோகக்கூடியது.

எல்லாத் தடுப்பும் பலிக்கும் என்றும் சொல்ல முடியாது. இலங்கையில் 180 கிராமங்களில், 50,000க்கும் மேற்பட்ட வீடுகளை உள்ளடக்கி, மருந்தைப் பூட்டிவைக்கும் பெட்டிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வெளியானது: பெட்டியால் பலன் தெரியவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. பெட்டி இருந்தது அதே வீட்டாரிடம், சாவியும் அவர்களிடமே. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைச் சேர்ந்த லட்சுமி விஜயகுமார் குழுவினர் செய்து பார்த்தது வேறு. மருந்தை வீட்டைவிட்டே வெளியேற்றி, ஊருக்குப் பொதுவான ஒரு கிடங்கில் வைத்தார்கள். சிறிய சோதனைதான், ஆனால் தர்க்கம் சரியானது. கோபத்துக்கும் மருந்துக்கும் நடுவில் ஒரு தெருவாவது வந்துவிடுகிறது.

இணையத்தில் சாவை ஒருவருக்கொருவர் நியாயப்படுத்தும் கூட்டங்களையும் நெருக்கடிக்கும் சாவுக்கும் நடுவில் இடைவெளியைக் கூட்டுகின்றனவா, குறைக்கின்றனவா என்ற இதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும். அங்கே போகிறவர்கள் தேடுவது பெரும்பாலும் தங்கள் வலியைப் புரிந்துகொள்ளும் ஓர் ஆளை. அந்தத் தேவை உண்மையானது. அதைக் குற்றமாகப் பார்க்கக் கூடாது. ஆனால் அந்த இடம் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று சொல்லிக் கரைத்துவிடுகிறது. உயிரைக் காப்பது அந்தத் தயக்கம்தான். கேட்க ஆள் வேண்டும் என்ற தேவைக்கு, தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுவதும் 14416 என்ற உதவி எண்கள் இருக்கின்றன.

ஆகவே என் தீர்ப்பு தடையின் பக்கம். ஆலோசனையும் வேண்டும், கடன் நிவாரணமும் வேண்டும்; அவை பலிக்கும்வரை ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே! இந்தியாவில் அதற்குக் குறுக்கே நிற்பது 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். அதன்படி ஒரு மாநில அரசு 60 நாளைக்குத்தான் ஒரு மருந்தை நிறுத்தலாம். இழுத்தாலும் இன்னொரு 30 நாள். நிரந்தரத் தடை விதிக்கும் அதிகாரம் டெல்லியிடம். இந்தப் பிரிவைத் திருத்தி, நிரந்தரமாகத் தடை செய்யும் உரிமையை மாநிலங்களுக்குக் கொடுக்க வேண்டும்.