‘ஃபிளிஞ்ச்’ வேறு, ‘குவெய்ல்’ வேறு

ஆங்கில நாவல் படிக்கிறவர்களுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. ஆனால், கதையில் ஒருவன் தைரியம் இழக்கிற இடத்தில் ஆசிரியர் என்ன சொல்லைப் போட்டிருக்கிறார் என்று நின்று பார்க்கிறவர்கள்தான் இல்லை. ‘ஏதோ பயந்துட்டான்’ என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். கேட்டால், அதெல்லாம் பேராசிரியர்கள் சமாச்சாரம் என்கிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இதை ரசிக்கப் பட்டம் வேண்டியதில்லை. கொஞ்சம் நிதானம் போதும்.

இந்த ரசனையைக் கெடுத்ததில் போட்டித் தேர்வு கைடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ‘டாண்ட்’ என்றால் பயமுறுத்து, ‘டிஸ்மே’ என்றாலும் பயமுறுத்து, ‘அபால்’ என்றாலும் பயமுறுத்து. நாலில் ஒன்றை டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடு. இப்படிப் படித்தவர்களுக்கு இவை ஒரே பயத்தின் சின்ன சைஸ், பெரிய சைஸ் என்ற எண்ணம் ஊறிப்போய்விடுகிறது. அளவில் என்ன இருக்கிறது? மனிதனுக்குள் எது விட்டுப்போனது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு இடத்தைத் தொடுகிறது.

அடிப்படை மூன்றே கேள்விதான். வெளியிலிருந்து ஒன்று அவனை அப்படி ஆக்குகிறதா, அவனே அப்படி ஆகிறானா? போனது துணிச்சலா, வலுவா? சட்டென்று போனதா, மெல்ல மெல்லப் போனதா? இவற்றை மனதில் வைத்துக்கொண்டால் சொற்களுக்குள் இறங்கிவிடலாம்.

‘டாண்ட்’ லத்தீனில் விலங்கைப் பழக்கி அடக்குவதற்கான சொல்லிலிருந்து வந்தது. மேலே போகலாம் என்ற முனைப்பை அது அடக்குகிறது. அடங்காதவனுக்குப் பாராட்டாக ‘அன்டாண்டட்’ என்ற சொல் பிறந்ததும் அதனால்தான். ‘டிஸ்மே’யின் வயிற்றில் ‘இயலும்’ என்ற பொருளுள்ள பழைய ஜெர்மானிய வேர் இருக்கிறது. அந்த இயலுமை பறிபோய், அடுத்து என்ன செய்வதென்றே தெரியாமல் நிற்கிற நிலை அது. ‘அபால்’ பழைய பிரெஞ்சில் முகம் வெளிறுவது. இன்று ரோடு மோசம், காபி மோசம் என்பதற்கெல்லாம் ‘அபாலிங்’ போட்டுப் போட்டு அந்தச் சொல்லே வெளிறிக் கிடக்கிறது. அலுவலக மின்னஞ்சல்களில் வரும் ‘டாண்டிங் டாஸ்க்’ இன்னும் கொடுமை. ஒரு எக்ஸெல் ஷீட் யாரை அடக்கப் போகிறது?

சரி, நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். வின்ஸ், ஃபிளிஞ்ச், குவெய்ல். இந்த மூன்றையும் பிரித்துக் கேட்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

1976 ஜூலை, மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானம். வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக இங்கிலாந்தின் தொடக்க ஆட்டக்காரராக பிரையன் குளோஸ் இறங்குகிறார். வயது 45. எதிரே மைக்கேல் ஹோல்டிங், ஆண்டி ராபர்ட்ஸ், வேய்ன் டேனியல். ஹெல்மெட் கிடையாது. பந்துகள் உடம்பைக் குறிவைத்தே வருகின்றன. படச்சுருள் இருக்கிறது, தேடிப் பாருங்கள். விலாவில் பந்து பட்டதும் ஒரு கணம் கால் மடங்குகிறது, முகம் சுருங்குகிறது. அதுதான் வின்ஸ். நம்மைக் கேட்காமலே வலிக்கு உடம்பு கொடுக்கிற பதில் அது. அதில் அவமானம் ஏதுமில்லை.

ஆனால் அடுத்த பந்துக்கும் அவர் அதே இடத்தில் நிற்கிறார். கால் லெக் சைடு பக்கம் நழுவவில்லை. நழுவியிருந்தால் அது ஃபிளிஞ்ச். பழைய பிரெஞ்சில் விலகித் திரும்புவது என்று பொருள். வின்ஸ் பட்ட பிறகு வருவது. ஃபிளிஞ்ச் பெரும்பாலும் படுவதற்கு முன்பே வந்துவிடும். வருவதைத் தாங்கிக்கொள்ள வேண்டிய இடத்தில் தாங்காமல் ஒதுங்குவது.

குவெய்லுக்கு உடம்பு அசைய வேண்டுமென்ற கட்டாயமே இல்லை. நேராக நின்று, கண்ணைப் பந்தின் மேல் வைத்தபடியே ஒருவன் உள்ளுக்குள் அவுட் ஆகியிருக்கலாம். எதிரே இருக்கும் பலத்தின் முன் மனசு ஒடுங்கி, தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்ட நிலை அது. அன்று குளோஸ் எடுத்தது 20 ரன்தான். ஆனால் அவர் வின்ஸ் ஆனார், ஃபிளிஞ்ச் ஆகவில்லை, குவெய்ல் பக்கமே போகவில்லை. வலியில் முகம் சுளித்தவரைப் பார்த்து ‘ஃபிளிஞ்ச் ஆனார்’ என்று ஒரு வர்ணனையாளர் சொன்னால், அவர் சொல்லில் தவறியதோடு அந்த மனிதருக்கும் அநியாயம் செய்கிறார்.

இன்னும் ஒரு சான்று. ஆங்கிலத்தில் ‘அன்ஃபிளிஞ்சிங்’ என்பது பெரிய பாராட்டு. ‘அன்வின்ஸிங்’ என்று பாராட்டுகிற வழக்கம் இல்லை. ஏன்? வலித்தால் முகம் சுருங்கக் கூடாது என்று யாரும் யாரிடமும் எதிர்பார்ப்பதில்லை. ஒதுங்காமல் நிற்பதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். அபஸ்வரம் கேட்டால் வின்ஸ் ஆகலாம், நம் பழைய அசட்டுத்தனம் நினைவுக்கு வந்தாலும் ஆகலாம். அபஸ்வரத்துக்கு யாரும் குவெய்ல் ஆவதில்லை. மத்தியகால ஆங்கிலத்தில் வின்ஸ் என்பது குதிரை உதைப்பதற்கான சொல்லாக இருந்தது. அதை ஒருமுறை தெரிந்துகொண்டால், வலியில் துள்ளுகிற அந்தத் துள்ளல் சொல்லிலேயே கேட்கும்.

இதெல்லாம் அகராதிக்காரர்களின் கற்பனை, நடைமுறையில் எல்லாம் கலந்துதான் புழங்குகிறது என்று சொல்கிற விமர்சகர்கள் உண்டு. அசட்டையாக எழுதுகிறவர்களின் நடைமுறையை எடுத்துக்காட்டி நல்ல எழுத்தாளர்களின் காதைச் சந்தேகப்படுவது சோம்பேறித்தனம். ஆங்கிலம் நமக்குத் தாய்மொழி இல்லையே என்ற சாக்கும் செல்லாது. போலிஷ் குடும்பத்தில் பிறந்த ஜோசப் கான்ராடுக்கு அது போலிஷ், பிரெஞ்சுக்குப் பிறகு வந்த மூன்றாவது மொழி. அவருடைய ‘லார்ட் ஜிம்’ 1900இல் வந்தது. யாத்ரீகர்களோடு கைவிடப்பட்ட கப்பலிலிருந்து ஜிம் குதிக்கிறானே, அந்தக் கணத்துக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று யோசித்தபடி படியுங்கள். ஸ்டீபன் கிரேனின் ‘தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ நாவலையும் எடுங்கள். முதல் தாக்குதலில் நின்று சுட்ட நாயகன் ஹென்றி, இரண்டாவதில் ஓடுகிறான். இடையில் அவனுக்குள் எது விட்டுப்போனது? கதை நடக்கிற அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது, கிரேன் பிறந்தது 1871. போரைப் பார்க்காதவர், அந்த விட்டுப்போதலை இத்தனை துல்லியமாகப் பார்த்திருக்கிறார்.

வலு குறைவதற்கான சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஃபிளாக்’ போகப் போகச் சுருதி இறங்குவது, பேச்சும் நடையும் கவனமும் அப்படி இறங்கும். ‘ட்ரூப்’ பாரத்தில் தொங்கிப்போவது. ‘வில்ட்’ வெயிலில் செடி துவள்வது. ‘அன்னெர்வ்’, ‘எனர்வேட்’ இரண்டும் தசைநாரை உருவி எடுப்பதுதான். முன்னது ஒரு நொடியில் நடந்து கையை நடுங்க வைக்கும். பின்னது புழுக்கத்திலும் சொகுசிலும் வருஷக்கணக்கில் நடக்கும். ஓசையில் எனர்ஜி போல இருக்கிறதே என்று ‘எனர்வேட்’டை உற்சாகமூட்டுவதாக எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நேர் எதிரான பொருள் அது.

இந்த வேறுபாடுகளைச் சொல்லும் புத்தகம் எது என்று கேட்பீர்கள். ரோஜே 1852இல் வெளியிட்ட தெசாரஸ் பெரிய சாதனைதான். ஆனால் அவர் சொற்களைக் குவித்துத் தருகிறார், வேறுபாட்டைச் சொல்வதில்லை. வாக்கியத்தை மாற்றித் தரும் செயலிகள் அந்தக் குவியலிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துப் போடுகின்றன. மெரியம்-வெப்ஸ்டர் நிறுவனம் 1942இல் கொண்டுவந்து 1968இல் திருத்திய ஒத்தபொருள் அகராதிதான் வேண்டும். பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், அதை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். நேரே ‘ரீகாயில்’ என்ற தலைப்புக்குப் போங்கள். ரீகாயில், ஷ்ரிங்க், ஃபிளிஞ்ச், வின்ஸ், பிளெஞ்ச், குவெய்ல் என்று ஆறு சொற்கள் அங்கே ஒன்றாக இருக்கின்றன. இரவில், வீடு அடங்கிய பிறகு, பிடித்த நாவலிலிருந்து இவற்றில் ஒன்று வருகிற வாக்கியத்தைக் கையால் எழுதி, இருக்கிற சொல்லை எடுத்துவிட்டு மற்ற ஐந்தையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பிளெஞ்சைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலத்தில் ஏமாற்றுவதற்கு இருந்த சொல் அது. அதற்கும் ஃபிளிஞ்சுக்கும் நடுவே உள்ள கோடு மிக மெல்லியது.