வாகை யாருக்கு?
விளையாட்டு எழுத்தும் அதன் விருதுகளும்

விளையாட்டுத் திடலில் தீர்ப்புகள் இரண்டு உண்டு. கடிகாரமும் அளவு நாடாவும் நடுவரின் ஊதலும் வழங்குவது ஒன்று. கண்டவர் எழுதி வழங்குவது மற்றொன்று. முன்னது அன்றைய மாலையோடு முடிந்துவிடும். பின்னதோ, ஆடியவர் முதுமை எய்திய பின்னும், ஆடிய திடல் இல்லாது ஒழிந்த பின்னும் நிற்கும். ஆதலின் எழுதுவோரின் பொறுப்பு நடுவரின் பொறுப்பினும் குறைந்தது அன்று.

இவ்வெழுத்தாளர்கள் சங்கம் அமைத்து, ஆண்டுதோறும் சிறந்தாரைத் தேர்ந்து விருது வழங்குவது உலகெங்கும் உள்ள வழக்கம். நம் நாட்டிலும் மலேசிய விளையாட்டு எழுத்தாளர் சங்கம் சிறந்த வீரரையும் வீராங்கனையையும் தேர்ந்து சிறப்பித்து வந்துள்ளது. இத்தகைய விருதுகள் எதனை அளக்கின்றன? எதனை அளத்தல் வேண்டும்? தமிழில் எழுதப்படும் விளையாட்டுச் செய்திக்கு இதில் என்ன பாடம் உள்ளது? இவை தமிழாசிரியர்களும் ஆராயத்தக்க வினாக்கள்.

சங்கங்களின் தொடக்கம்

1924ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், ஒலிம்பிக் போட்டிகளை ஒட்டிப் பாரிஸ் மாநகரில் அனைத்துலக விளையாட்டுச் செய்தியாளர் சங்கம் தோன்றியது. பிரெஞ்சு நாட்டவரான பிரான்ட்ஸ் ரைஷெல் அதன் முதல் தலைவர். அச்சங்கத்தின் எழுபதாம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1994 முதல் ஜூலை 2ஆம் நாள் விளையாட்டுச் செய்தியாளர் நாளாகப் போற்றப்படுகிறது. அதே 1924ஆம் ஆண்டில்தான் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் 'தமிழ் நேசன்' இதழைத் தொடங்கினார். பாரிஸ் சங்கம் நூறாண்டைக் கடந்துவிட்டது. தமிழ் நேசனோ 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுவிட்டது. தமிழ் இதழியலின் வலுவும் வறுமையும் ஒருங்கே இவ்வொப்பீட்டில் புலப்படும்.

விருதின் வரலாற்றில் குறிக்கத்தக்க ஆண்டுகள் இரண்டு. இங்கிலாந்தின் கால்பந்து எழுத்தாளர் சங்கம் 1947இல் அமைந்து, 1948இல் தன் முதல் விருதை ஸ்டான்லி மாத்யூஸ் என்னும் ஆட்டக்காரருக்கு வழங்கியது. சொல்லாலும் நடத்தையாலும் முன்மாதிரியாக விளங்குபவரைத் தேர்வதே அவ்விருதின் நெறி. பின்னர் 1956இல் 'பிரான்ஸ் புட்பால்' என்னும் இதழ் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தங்கப் பந்து வழங்க முனைந்தது. பதினாறு செய்தியாளர்கள் வாக்களித்தனர். அப்போதும் மாத்யூஸே வென்றார். அவர் பெற்ற புள்ளிகள் 47. அடுத்து நின்ற டி ஸ்டெபானோ பெற்றவை 44.

இம்மூன்று புள்ளி வேறுபாடு ஆழ்ந்து நோக்கத்தக்கது. டி ஸ்டெபானோ அவ்வாண்டில்தான் ஐரோப்பியக் கோப்பையை வென்ற ரியல் மாட்ரிட் குழுவின் தலையாய ஆட்டக்காரர். மாத்யூஸுக்கோ அகவை 41. இங்கிலாந்தின் முதல் பிரிவு லீக் பட்டத்தை அவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் வென்றதில்லை. கோப்பைகளை மட்டும் எண்ணியிருந்தால் அவர் பெயர் வந்திராது. ஆட்டத்தின் நயத்தைக் கண்டு தேறியவர்கள் வாக்களித்தமையால் அவர் பெயர் வந்தது. பட்டியல் காட்டாத ஒன்றைக் கண் காட்ட வேண்டும் என்பதே எழுத்தாளர் வழங்கும் விருதின் பொருள். அப்பொருள் இல்லையேல், பதக்கங்களை எண்ணிக் கூட்டும் எழுத்தர் ஒருவரே போதுமன்றோ?

நம் நாட்டு நிலை

மலேசியாவில் அரசு வழங்கும் தேசிய விளையாட்டு விருது 1966ஆம் ஆண்டில் தொடங்கியது. அதனை முதலிற் பெற்ற இருவரும் தமிழர் என்பது நம் பள்ளிகளில் எத்தனை மாணவர்க்குத் தெரியும்? ஒருவர் மணி ஜெகதீசன். மற்றவர் எம். இராஜமணி, பேராக் மாநிலத்துத் தாப்பாவைச் சேர்ந்தவர். 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர். 1965ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்றவர்.

ஜெகதீசன் 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கின் அரையிறுதியில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்த நாட்டுச் சாதனை 2017ஆம் ஆண்டில் கைருல் ஹபீஸ் ஜந்தான் 20.90 வினாடியில் ஓடும் வரை, ஏறத்தாழ 49 ஆண்டுகள் நின்றது. எண்கள் நமக்குக் கிடைத்துள்ளன. ஆயின் அவ்வோட்டம் எத்தகையது, வளைவில் அவர் எவ்வாறு திரும்பினார், அரையிறுதியோடு நின்ற அம்மாலையில் அவர் முகம் எவ்வாறு இருந்தது என்பனவற்றைச் சொல்லும் தமிழ்க் கட்டுரையை மாணவர் கையில் கொடுக்க விரும்பும் ஆசிரியர் எங்கே தேடுவார்? எண்ணைக் காத்த அளவு நாம் எழுத்தைக் காக்கவில்லை.

எழுத்தாளர் சங்கத்தின் விருதும் அரசின் விருதும் ஆண்டுதோறும் அதே பெயர்களையே சுட்டுமாயின், பின்னது முன்னதன் எதிரொலியாகிவிடும். வென்றவரை வாழ்த்துவது நன்றே. எனினும் எழுத்தாளர் கூட்டம் தனக்கே உரிய கண்ணோடு காணாவிடின் தனி விருது எதற்கு? மற்றும் ஒன்று. இந்நாட்டுச் சங்கத்தின் விருது ஒரு குளிர்பானத்தின் பெயரோடு சேர்ந்தே வழங்கப்பட்டு வந்துள்ளது. விழாவுக்குப் பொருள் வேண்டும். புரவலர் இன்றிப் பொருள் வாராது என்பது உண்மையே. சங்கப் புலவரும் புரவலரைப் பாடியவரே. ஆயினும் பரிசில் கொடுப்பவர் பெயர் பரிசில் பெறுபவர் பெயருக்கு முன்னே நிற்பது புலவர் மரபு அன்று.

நற்கிள்ளியின் மற்போர்

விளையாட்டு எழுத்து தமிழுக்குப் புதிது என்று எண்ணுவோர் உளர். புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள பாட்டுகளை அவர்கள் ஒருமுறை கற்றல் நலம். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனோடு பொருததை முதல் மூன்று பாட்டுகளில் சாத்தந்தையாரும், அந்நற்கிள்ளியைக் குறித்து அடுத்த மூன்று பாட்டுகளில் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரும் பாடியுள்ளனர்.

80ஆம் பாட்டில் சாத்தந்தையார் பிடியின் நுணுக்கத்தைச் சொல்கிறார். ஒரு கால் எதிரியின் மார்பில் அழுந்துகிறது. மற்றொரு கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்துப் பின்புறம் வளைகிறது. பசித்த யானை மூங்கிலை முறிக்க முயல்வதுபோல் தலையும் காலுமாகிய இரு முனையும் முறிய மோதுகிறான். இதனைத் தித்தன் காண்பானாக என்கிறார் புலவர். தித்தன் நற்கிள்ளியின் தந்தை, மகனோடு பகைத்திருந்தவன், அங்கு இல்லாதவன். இல்லாதவனுக்குக் காட்டுவதே எழுத்து என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ? 81ஆம் பாட்டில் கடலினும் பெரிதாகிய ஆரவாரத்தைச் சொல்லிய கையோடு, அவன் கையில் அகப்பட்டோர் இரங்கத்தக்கவர் என்கிறார்.

82ஆம் பாட்டு ஊரைக் கொள்ள வந்த பொருநனோடு நிகழ்ந்த போரின் விரைவைச் சொல்கிறது. அதற்குப் புலவர் கண்ட உவமை மின்னலும் அன்று, புயலும் அன்று. ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்நேரத்தில் கட்டில் பின்னும் தொழிலாளி ஒருவனின் கையூசி எத்துணை விரைவாக ஓடும்! அவ்விரைவே இப்போரின் விரைவு என்கிறார். கேட்பவரின் தெருவிலிருந்தே உவமையை எடுத்தார்.

நக்கண்ணையாரின் 85ஆம் பாட்டு செய்தியாளர்க்கெல்லாம் முதற்பாடம் எனத் தக்கது. நற்கிள்ளிக்கு இது சொந்த ஊரும் அன்று, சொந்த நாடும் அன்று. ஆதலின் களத்தில் சிலர் அவன் வென்றான் என்கின்றனர். சிலர் வெல்லவில்லை என்கின்றனர். அவரோ சிலம்பு ஒலிக்க ஓடிச்சென்று, பனைமரம் ஒன்றைச் சார்ந்து நின்று, தம் கண்ணாலேயே அவன் வென்றதைக் கண்டார். அவர் நற்கிள்ளியை விரும்பியவர், நடுநிலையாளர் அல்லர். இருந்தும் மறுதரப்பார் சொன்னதை மறைக்கவில்லை, கேள்வியை நம்பி எழுதவில்லை, ஓடிப்போய்க் கண்டார்.

இப்பாட்டுகளிலும் ஒரு குறை உண்டு. வென்றவன் பெயர் நிலைத்தது. தோற்றவன் 'மல்லன்' என்றே நின்றான். அவன் இயற்பெயரை நாம் அறியோம். வென்றவனைப் பாடுவது அரசவை மரபு. அம்மரபு இன்றைய செய்தித்தாளுக்கும் பொருந்துமா என்பதே வினா.

இன்றைய தமிழ் நடை

இன்றைய விளையாட்டுச் செய்தியில் வென்ற குழு 'வெற்றி வாகை சூடுகிறது'. தோற்ற குழு 'மண்ணைக் கவ்வுகிறது'. மூன்று கோல் அடித்தால் 'கோல் மழை பொழிகிறது'. இச்சொற்கள் எந்த ஆட்டத்திற்கும் பொருந்தும். ஆதலின் எந்த ஆட்டத்தையும் காட்டா. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்க்கு உவமைக்குப் பஞ்சமில்லை. வானம் இருண்டு வருகையில், மங்கில் சேர்ந்த பால் மழையில் கெடுமுன் எடுத்துவிட நிரை நிரையாக ஓடும் தொழிலாளியின் விரைவை அறிந்தவர், கடைசி ஐந்து நிமிடத்தில் சமநிலைக்குப் போராடும் குழுவைப் பற்றி எழுத மின்னலைத் தேடிப் போகவேண்டியதில்லை.

கலைச்சொல்லிலும் தெளிவு வேண்டும். நம் நாட்டில் பூப்பந்து என்றால் இறகு பொருத்திய பந்தை அடித்தாடும் ஆட்டம். தமிழ்நாட்டில் அதற்கு இறகுப்பந்து என்று பெயர். அங்குப் பூப்பந்து என்பது வேறோர் ஆட்டம். அங்கிருந்து வரும் செய்தியை அவ்வாறே எடுத்து அச்சிட்டால் இங்குள்ள மாணவன் தடுமாறுவான்.

இவற்றினும் பெரிய குறை, காணாது எழுதுதல். 1983இல் தொடங்கிய சுல்தான் அஸ்லான் ஷா கிண்ண ஹாக்கிப் போட்டி ஈப்போவில் நடந்து வந்துள்ளது. உலகின் பெருங்குழுக்கள் இங்கு வந்து ஆடியுள்ளன. நம் வாசலில் நடக்கும் ஆட்டத்தை அயல்மொழிச் செய்தியின் மொழிபெயர்ப்பாகப் படிக்க நேர்வது நக்கண்ணையாரின் மொழிக்குப் பெருமை தருவது அன்று. தமிழ் இதழ்களின் பொருள் நிலையும் ஆள் பற்றாக்குறையும் யாவரும் அறிந்தவையே. அவற்றை எண்ணாது குறை கூறுதல் முறையன்று. ஆயினும் ஓர் ஆட்டத்தையேனும் நேரிற் கண்டு எழுதச் செலவு பெரிதன்று.

எழுதப்படாத திடல்கள்

இதில் இழப்பு யாருக்கு? பேராக்கின் இரப்பர்த் தோட்டங்கள் பலவற்றில் கால்பந்துத் திடல் இருந்தது. மாலையில் பால் நிறுத்துக் கொடுத்தவர்களே குழுவாகக் கூடி ஆடினர், சடுகுடுவும் ஆடினர். 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதனைத் தடுக்கவே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கண்டார். பின்னர்ச் செம்பனை வந்தது; மக்கள் நகர் நோக்கிப் பெயர்ந்தனர். திடல்கள் மறைந்தன. அக்குழுக்களில் ஆடியவர் பெயர்கள் முதியோர் நினைவில் மட்டுமே உள்ளன. ஆமூர் மல்லனுக்கேனும் ஊர்ப்பெயர் எஞ்சியது. இவர்களுக்கு அதுவும் எஞ்சாது போகக்கூடும்.

விருது எவ்வாறு அமையவேண்டும்?

அனைத்துலகச் சங்கம் 2018 முதல் விளையாட்டுச் செய்தியாளரின் படைப்புகளுக்கே விருது வழங்குகிறது. ஆட்டக்காரரைப் போற்றுவதோடு எழுதுவோரையும் ஆராய்ந்து தேர்வது நல்ல நெறி. நம் நாட்டில் தமிழுக்கு அத்தகைய பரிசு ஒன்று அமையுமாயின், அதற்கு நான்கு நெறிகள் வேண்டும். எழுதியவர் நேரிற் கண்டு எழுதியிருத்தல் வேண்டும். எழுதியவர் பெயரை மறைத்து, தமிழறிந்தாரும் ஆட்டமறிந்தாரும் சேர்ந்து தேர்தல் வேண்டும். சிறு திடல்களைப் பற்றிய எழுத்துக்குப் பெருந்திடல் எழுத்தோடு ஒத்த இடம் வேண்டும். தோற்றவரின் பெயரும் ஆட்டமும் அக்கட்டுரையில் இடம்பெறல் வேண்டும்.

இது விளையாட்டுக்கும் தமிழுக்கும் பொருந்தாத புதுமை அன்று. தொல்காப்பியர் வாகைத் திணையைப் போர்வெற்றிக்கு மட்டும் உரிமையாக்கவில்லை. அவரவர் தத்தம் தொழிலில் மேம்படுவதே வாகை என்று விரித்தார். அவ்விலக்கணப்படி, நன்றாக ஓடியவருக்கும் வாகை உண்டு. அவ்வோட்டத்தை நன்றாக எழுதியவருக்கும் வாகை உண்டு.

பேராக்கில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆண்டுதோறும் அவற்றில் விளையாட்டுப் போட்டி நடக்கிறது. வென்றவர் பெயர் அறிக்கைப் பலகையில் ஒட்டப்பட்டுச் சில நாளில் மழையில் கரைகிறது. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனை ஓட்டத்தின் முடிவுக்கோட்டருகே நிறுத்தி, கடைசியாக வந்தவனைப் பற்றியும் பத்து வரி எழுதச் சொல்லலாம். தாத்தா ஆடிய தோட்டக் குழுவில் இருந்த பதினொரு பெயர்களைக் கேட்டு எழுதி வரச் சொல்லலாம். சங்கமும் விருதும் வருங்கால் வரட்டும். பெயர் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்று இருக்கிறார்கள். கேட்டு எழுதவேண்டியதும் இன்றே.